நேற்று ஓடிய கார் இன்று ஏன் கிளம்பவில்லை?

பழைய மோட்டார்க் கார் ஒன்று கிளம்ப மறுத்துவிட்டால் வைத்தியர்களுக்குக் குறைவே இராது. "பாட்டரி போய்விட்டது" என்பார் ஒருவர். "காயிலை மாற்றுங்கள்" என்பார் இன்னொருவர். "தள்ளுங்கள், கிளம்பிவிடும்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார் மூன்றாமவர். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று சொந்தக்காரர் தவிப்பார்.

தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே, கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் ஒரத்தநாடு வட்டாரத்தில் இந்தக் காட்சி புதிதன்று. ஒரு காலத்தில் கல்யாணமானாலும் ஆஸ்பத்திரியானாலும் இங்கே வந்து நின்றது அம்பாஸிடர்தான். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆகையால், கொட்டகையில் மிஞ்சியிருக்கும் வண்டியைக் காப்பாற்றுவது சொந்தக்காரரின் பொறுப்பாகிவிட்டது.

இங்கே ஓர் உண்மையை நினைவில் வைக்க வேண்டும். நேற்று மாலை வரை நன்றாக ஓடிய வண்டியில் ஒரே இரவில் எல்லாம் கெட்டுப்போவதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒன்றுதான் குறைந்திருக்கும். அந்த ஒன்றை வரிசையாகக் கேள்வி கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஊகத்தால் சாமான்களை மாற்றினால் பணம் போகும், கோளாறு போகாது.

முதல் கேள்வி: சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றுகிறதா?

சுற்றவில்லையென்றால் பெட்ரோலைப் பற்றியோ பிளக்கைப் பற்றியோ இப்போது கவலை வேண்டாம். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஸெல்ப் கொடுத்துப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரியில் சக்தி இல்லை, அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து மின்சாரம் தடைப்படுகிறது. முனைகளைக் கழற்றிச் சுரண்டி இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். நல்ல நிலையில் உள்ள பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றியே ஆக வேண்டும். விளக்கு மங்காமல் பிரகாசமாக எரிந்தும் இஞ்சின் அசையவில்லையென்றால், ஸெல்ப் மோட்டாரையும் அதற்குச் செல்லும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

ஸெல்ப் மோட்டார் வருமுன் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்பினார்கள். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸெல்ப், 1912ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் வந்தது. அந்தச் சௌகரியத்தால் ஒரு கெட்ட பழக்கமும் வந்தது: கிளம்பாத வண்டியில் விடாமல் ஸெல்ப் கொடுப்பது! அதனால் நல்ல பாட்டரியும் தீர்ந்து, ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

இரண்டாவது கேள்வி: இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? அப்படியானால் இல்லாதது பொறியா, பெட்ரோலா?

முதலில் பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியிலேயே மாட்டி, உலோகப் பகுதி இஞ்சினில் படும்படி வைத்து, மற்றொருவரை ஸெல்ப் கொடுக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்காதீர்கள். காயிலிலிருந்து வருவது பல்லாயிரம் வோல்ட். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் இந்தச் சோதனையே கூடாது. நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் மின்சாரப் பகுதி குற்றமற்றது.

பொறி வரவில்லையா? ஐப்பசி, கார்த்திகை மழையாயிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஈரமில்லையென்றால் பிளாட்டினம் பாயிண்ட் தேய்ந்தோ கருகியோ இருக்கலாம். அது திறக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான். புதிதாகப் போட்ட பாயிண்டும் சீக்கிரம் கருகினால் கண்டன்ஸரைச் சந்தேகிக்க வேண்டும்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலைக் கவனிப்போம். முள் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டிகளில் முள்ளும் பொய் சொல்லும். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் இஞ்சினில் அது நிரம்பிவிட்டது என்று பொருள். சற்று நேரம் ஓய்வு கொடுத்து, சோக்கை இழுக்காமல் முயல வேண்டும். வாடையே இல்லையென்றால் பம்ப், பில்டர், குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சித்திரை வெயிலில் ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டு, அரைமணி கழித்துத் தானே கிளம்புவது உண்டு. குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கலாம். சூட்டில் காயிலும் செத்திருக்கலாம். இரண்டுக்கும் அடையாளம் ஒன்றே. ஆகையால் வண்டி நின்றிருக்கும்போதே பொறியைச் சோதிக்க வேண்டும். கிளம்பிய பிறகு சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

இந்நாளில் ஒரு புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும், நம் டெல்டாவுக்கு நெருக்கமான அரிசியிலிருந்தும்கூட எத்தனால் எடுக்கிறார்கள். அது நீரை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களை நாளடைவில் பாதிக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது நல்லதன்று. குழாய்களை மாற்றிவிடுவதும், வாரம் ஒரு முறையாவது வண்டியை ஓட்டுவதும் உத்தமம். மூடிய கொட்டகைக்குள் மட்டும் இஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது.

டீஸல் வண்டிக்காரர்களுக்கு இந்தப் பொறி ஆராய்ச்சி தேவையில்லை. டீஸல் இஞ்சினுக்குப் பொறியே கிடையாது. குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் வண்டி கிளம்பாது. டிராக்டரிலும் டீஸல் பம்ப்செட்டிலும் ஏர் எடுத்துப் பழகிய விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்து முடியாவிட்டால் மெக்கானிக்கை அழைக்க வெட்கப்பட வேண்டாம். ஆனால், "கார் கிளம்பவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "இஞ்சின் சுற்றுகிறது, பொறி இருக்கிறது, பெட்ரோல் வரவில்லை" என்று சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம். உங்களுக்குப் பாதிச் செலவு மிச்சம்.