நிழலில் நின்ற நடனம்

மாசி மாதத்திலே அக்கரப்பத்தனைத் தோட்டங்களில் தப்பு முழங்கும். காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடி வருவர். விடிந்ததும் வேடம் கலையும். ஆட்டமும் அதனோடு மறையும். முன்னாளில் மன்மதன் வேடம் தாங்கிய தம் பாட்டனாரின் படத்தைக் கொண்டுவருமாறு மாணவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கொண்டுவந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றே. ஆடிய கோலத்தில் ஒரு படமும் இல்லையாம்.

அப்போது ருஷிய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கியின் வரலாறு நினைவுக்கு வந்தது. 1912இல் பாரிஸ் மாநகரில் வனதேவன் ஒருவனின் பிற்பகலைச் சித்திரிக்கும் பலே நடனத்தை அமைத்து, அவரே ஆடினார். அவர் ஆடியதைக் காட்டும் சலனப்படம் எதுவும் இன்று இல்லை. ஆயினும், டி மேயர் என்பார் எடுத்த 30 நிழற்படங்கள் 1914இல் நூலாயின. அக்காலக் கமராவுக்கு வேகம் போதாது. பாயும் உடல் மங்கிய கறையாகவே பதியும். ஆகவே, ஆடுபவர் ஒரு நிலையில் அசையாது நிற்கப் படம் பிடிப்பதே வழக்கம். அப்படங்களும், 1915இல் நிஜின்ஸ்கி எழுதிவைத்த நடனக் குறிப்பும், 1980களில் ஆய்வாளர் அவ்வாட்டத்தை மீட்டெடுக்கத் துணைநின்றன.

நம் நாட்டிலும் இத்தகைய பணி நிகழ்ந்துள்ளது. கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944) சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். அவருடைய கமரா கண்டிய நடனக் கலைஞரை அழகுறப் பதித்தது. அவர் மறைந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்கள் எஞ்சியமையாலேயே அவர் கலையை நாம் காண்கிறோம். 1950இல் அவை நூலாகவும் வெளிவந்தன.

இவ்விருவர் வரலாறும் உணர்த்துவது யாது? படம் எடுப்பது பாதி வேலை, பேணுவது மறுபாதி. இன்று கூத்துக் களத்தில் கைபேசிகளுக்குக் குறைவில்லை. ஆனால், கைபேசி பழுதானால் நூறு படங்களும் ஒருங்கே போய்விடக்கூடும்.

மாணவச் செல்வங்களே! அடுத்த மாசியில் பத்துப் படங்களையேனும் அச்சிட்டு வையுங்கள். ஆடியவர் பெயர், வேடம், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுதுங்கள். கூத்து வாத்தியாரிடம் காட்டி, அந்த ஆட்டத்தின் விவரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் மேடையில் ஆடியவருக்குக் கிடைத்த அந்த மரியாதை, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து ஆடுவோருக்கும் உரியதன்றோ?