டிரைவர் மாற்றத்தால் இருளும் மடிக்கணினித் திரை: பழுதும் பரிகாரமும்

திரையில் எதை எங்கே காட்ட வேண்டும் என்று விண்டோஸ் போன்ற இயங்குதளம் இடும் கட்டளையை, கிராபிக்ஸ் சிப் ஏற்றுச் செயல்படுத்தும் வடிவில் மாற்றிக் கொடுக்கும் மென்பொருளே கிராபிக்ஸ் டிரைவர் எனப்படுகிறது. மேசைக்கணினியைவிட மடிக்கணினியில் இந்த டிரைவரை மாற்றுவது சிக்கல் மிகுந்தது. விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில், செயலியோடு இணைந்த இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் ஒன்றும் தனியான என்விடியா சிப் ஒன்றும் சேர்ந்து இயங்குகின்றன. 2010இல் என்விடியா கொண்டுவந்த ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டில் தனிச் சிப் வரையும் படமும் செயலியோடு இணைந்த சிப்பின் வழியாகவே திரையை அடைகிறது. ஆகவே ஒன்றின் டிரைவரைப் புதுப்பிக்கும் முயற்சி மற்றொன்றின் ஒழுங்கையும் குலைக்கலாம்.

டிரைவர் மாறியபின் திரை இருண்டாலோ கோடு விழுந்தாலோ, மதர்போர்டு போய்விட்டது என்று அஞ்சுவதற்கு முன், கோளாறு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மின்பொத்தானை அழுத்தியதும் தோன்றும் நிறுவனச் சின்னமும், எஃப்2, டெலீட் போன்ற விசையால் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையும் விண்டோஸின் டிரைவர் ஏற்றப்படுவதற்கு முன்பே வருபவை. அவை தெளிவாகத் தெரிந்து, விண்டோஸ் உள்ளே நுழையும் தறுவாயில் மட்டும் திரை அணைந்தால் சந்தேகம் டிரைவர் மீதே விழும்; பயாஸ் திரையிலேயே கோடுகளும் சிதறிய நிறங்களும் தெரிந்தால், சிப், திரைப்பலகை, அவற்றை இணைக்கும் கேபிள் ஆகிய மூன்றில் ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். எச்டிஎம்ஐ கேபிளால் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கையில் அங்கே படம் சரியாக வந்தால், ஐயம் மடிக்கணினியின் திரை, கேபிள், திரை அமைப்பு ஆகியவற்றின் பக்கம் திரும்புகிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனைகளைச் செய்யாமலேயே பழுதுக்கடைக்கு ஓடுவோர்தான் பலர்.

டிரைவரே காரணம் எனத் தெரிந்தால், முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தலாம். அது டிரைவரை மீண்டும் தொடங்கவைக்கிறது. பலன் இல்லையெனில், விண்டோஸ் ஏறும்போதே மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தோன்றும். அதில் சேஃப் மோட் என்ற எளிய நிலையைத் தேர்ந்தால், புதிய டிரைவரை ஒதுக்கிவிட்டு மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படைக் காட்சி டிரைவரோடு கணினி எழும். எழுத்துகள் பெரிதாகவும் திரை மங்கலாகவும் இருப்பது அந்நிலையில் இயல்பு. அங்கே டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் சிப்பின் பண்புகளைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்தினால் பழைய பதிப்பு திரும்பும். முந்தைய பதிப்பு சேமிக்கப்படாவிட்டால் அப்பொத்தான் மங்கிக் கிடக்கும், அப்போது டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டு, மடிக்கணினி நிறுவனம் அந்த மாடலுக்கென்றே வெளியிட்ட பதிப்பை நிறுவுவது உகந்தது. சிப் நிறுவனத்தின் பொதுப் பதிப்பு புதியதாக இருந்தாலும், வெளிச்சக் கட்டுப்பாடு, உறக்கநிலை போன்றவற்றுக்காக மடிக்கணினி நிறுவனம் செய்த மாற்றங்கள் அதில் இல்லாமல் போகலாம். புதியதே சிறந்தது என்ற நம்பிக்கைக்கு இத்துறையில் பெரிய ஆதாரமில்லை: என்விடியா தன் 196.75 எண் டிரைவரை, விசிறி வேகத்தைச் சரிவரக் கட்டுப்படுத்தாமல் சிப்பைச் சூடேற்றுகிறது என்ற புகார்களால் 2010 மார்ச்சில் தானே திரும்பப் பெற்றது.

மீட்புத் திரைக்குள் நுழையும்போது பலரைத் திகைக்கவைப்பது பிட்லாக்கர். வட்டிலுள்ள தரவைப் பூட்டிவைக்கும் இந்த வசதி, உரிமையாளர் அறியாமலேயே பல புதிய மடிக்கணினிகளில் இயங்கிக்கொண்டிருப்பதால், 48 இலக்க மீட்புச் சாவி திடீரெனக் கேட்கப்படும். பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், வேறொரு கைபேசியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். எங்குமே இல்லையென்றால் வட்டில் உள்ள கோப்புகளை மீட்க வழியில்லை. டிரைவரைத் தொடுவதற்கு முன்பே அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைப்பது ஐந்து நிமிட வேலை.

பழுதைவிட, பழுதால் பிறக்கும் பதற்றமே அதிகச் சேதம் விளைவிக்கிறது. ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லி, தரவைப் பிரதியெடுக்காமலேயே வட்டை அழிக்கும் கடைகள் உண்டு. ரோல் பேக் செய்தால் தீரக்கூடிய கோளாறுக்கு, சிப்பைச் சூடாக்கிக் கழற்றி மீண்டும் ஒட்டும் ரீபாலிங் வேலைக்குக் கட்டணம் வாங்குவோரும் உண்டு. இணையத்தில் டிரைவர் தேடும்போது, உதவிக்கு அழையுங்கள் என்று தொலைபேசி எண்ணோடு எச்சரிக்கைப் பலகை குதித்தால் அது மோசடி என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச்செய்தியில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை. அப்படிப் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

வன்பொருள் குறையும் டிரைவர் கோளாறு போலவே தோற்றம் தரும் என்பதற்கு 2008ஆம் ஆண்டு நிகழ்வு தக்க சான்று. அவ்வாண்டு ஜூலையில் என்விடியா, தன் மடிக்கணினிச் சிப்கள் சிலவற்றில் சிப்பையும் அதன் உறையையும் பிணைக்கும் பொருள் வலுவற்றது என ஒப்புக்கொண்டு, அதற்கான செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. விசிறியை முன்னதாகவே சுழலவைத்து வெப்பத்தைக் குறைக்கும் டிரைவர் ஒன்றையும் வெளியிட்டது. பொருளின் குறைக்கு மென்பொருளால் பூசிய மெழுகு என்று அதைச் சொல்வது மிகையாகாது. அமெரிக்காவில் பயனாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு, குறிப்பிட்ட சில மாடல்களை வாங்கியோருக்கு நிவாரணம் தரும் உடன்பாட்டில் 2010இல் முடிந்தது.

இந்தியாவில் இத்தகைய நிவாரணத்துக்கு வழி, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாரண்டிப் பத்திரங்கள் மென்பொருள் கோளாறைப் பொதுவாக விலக்கி வைப்பதால், ‘பயனாளர் டிரைவரை மாற்றினார்’ என்பதே நிறுவனத்தின் முதல் பதிலாக இருக்கும். நிறுவனத்தின் சொந்த அப்டேட் செயலியே அந்த டிரைவரை நிறுவியிருந்தால் அப்பதில் வலுவிழக்கிறது. டிரைவரை மீட்டபின்னும் பயாஸ் திரையில் கோடுகள் தொடர்ந்தால் பொருட்குறை என்ற வாதம் வலுப்பெறுகிறது. அந்தக் கோடுகளைக் கைபேசியில் படமெடுத்து வைப்பதும், சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் ‘திரை கோளாறு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதவிடாமல், எந்தக் கட்டத்தில் கோளாறு தெரிகிறது என்பதைக் குறிக்கச் செய்வதும் பின்னாளில் சான்றாகும். ஒப்புதலின்றித் தரவை அழித்தல், தேவையற்ற பாகத்தை மாற்றுதல் ஆகியவற்றைச் சேவைக் குறைபாடு என்று தனியே முறையிடலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிட்டு, தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருள் எங்கே வாங்கப்பட்டிருந்தாலும், நுகர்வோர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், சர்வீஸ் சென்டருக்கு அலைந்த மாதங்களைத் தள்ளிவிடாமல், முதல் ஜாப் ஷீட்டின் தேதியிலிருந்தே கணக்கிடுவது பாதுகாப்பானது. கெடு தாண்டிவிட்டால், தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்ததென ஆணையத்தை ஏற்கச்செய்ய வேண்டியிருக்கும்.