டிரெய்லருக்கு மாற்று அச்சும் பேரிங்கும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முதியோர் வாக்கு. தேருக்குச் சொன்ன அந்த வாக்கு, இன்று நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் சேவை மையங்களில் நிற்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் அப்படியே பொருந்தும். நெல் மூட்டையாயினும், தொழுஉரமாயினும், கீரைக்கட்டாயினும், நூல் பொதியாயினும், அப்பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது இரு சக்கரங்களுக்கு இடையே கிடக்கும் ஓர் இரும்பு அச்சும், அதன் நுனிகளுக்கு இரண்டிரண்டாக அமைந்த நான்கு பேரிங்குகளுமே ஆகும்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் இவ்விஷயம் தனிக் கவனத்திற்குரியது. இங்கு வயலும் நெடுஞ்சாலையும் அடுத்தடுத்து இருக்கின்றன. செம்பரம்பாக்கம் பக்கத்துச் சேற்றிலிருந்து கரையேறும் டிரெய்லர், சிறிது நேரத்தில் கனரக லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டியதாகிறது. வயலில் சக்கரம் கழன்றால் அரை நாள் வேலை கெடும். சாலையில் கழன்றால் உயிருக்கே ஆபத்து.

பதிவேடு காட்டிய உண்மை

சில காலத்திற்கு முன்பு, இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் ஏடுகளை நாம் பரிசோதித்தோம். டிரெய்லர் பழுதுச் செலவு என்ற தலைப்பில், ஓராண்டுக்குள் நான்கு முறை பேரிங் வாங்கிய பற்றுச்சீட்டுகள் இருந்தன. சீட்டுகள் ஒழுங்கானவை, தொகைகள் சரியானவை, நிர்வாகக் குழுவின் தீர்மானங்களும் இருந்தன. கணக்கில் குற்றம் இல்லை. ஆயினும் நான்கு முறையும் அதே இடதுபக்கச் சக்கரத்திற்கே பேரிங் வாங்கப்பட்டிருந்தது நம் கவனத்தை ஈர்த்தது.

டிரெய்லரை நேரில் சென்று பார்த்தோம். சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் விளங்கியது. அச்சின் நுனித்தண்டில் பேரிங்கின் உள்வளையம் அமரும் இடம் தேய்ந்து, விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. புதிய பேரிங் அதன்மேல் இறுக்கமாக உட்காராமல் ஆடியது. ஆட்டத்தால் உருளைகள் ஒருபுறமே பாரம் தாங்கிச் சிதைந்தன. நோய் அச்சில் இருக்க, மருந்தைப் பேரிங்குக்கே திரும்பத் திரும்பக் கொடுத்துவந்தார்கள். அச்சை மாற்றிய பின்னரே அச்செலவு நின்றது. அச்சு தேய்ந்திருக்கப் பேரிங்கை மட்டும் மாற்றுவது சிக்கனம் ஆகாது. அது தவணை முறையில் செய்யும் நஷ்டமேயாகும்.

இருசிலிருந்து பேரிங்குக்கு

நம் முன்னோர் ஓட்டிய கட்டை வண்டியில் பேரிங் கிடையாது. இருசின்மேல் மரக்குடம் நேராக உரசிச் சுழன்றது. கடையாணி சக்கரத்தைத் தடுத்து நிறுத்தியது. வண்டிமை உராய்வைக் குறைத்தது. பின்னர் ரப்பர் டயர் வண்டி வந்தபோது, இருசும் குடமும் இரும்பாயின. உள்ளே உருளைப் பேரிங்குகள் அமைந்தன. அவ்வண்டியின் வாரிசே இன்றைய டிரெய்லர்.

டிரெய்லரில் பெரும்பாலும் காணப்படுவது கூம்பு உருளைப் பேரிங். இதற்கு 1898-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன், செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்தவர். வண்டி நேரே செல்லும்போது பாரம் மேலிருந்து அழுத்தும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். சாய்வாக அமைந்த கூம்பு உருளைகள் இவ்விரு பாரத்தையும் ஒருங்கே தாங்கவல்லவை. ஆகவே இது வண்டிக்கென்றே பிறந்த சாதனம்.

நெசவாளர்களுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. தாமாகவே நேர்ப்படும் குண்டுப் பேரிங்கை 1907-இல் உருவாக்கிய ஸ்வென் விங்குவிஸ்ட், சுவீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகரத்து நெசவாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரித்த பொறியாளர். ஆலையின் நீண்ட தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகியதால் பேரிங்குகள் அடிக்கடி கெட்டுப்போயின. அத்தொல்லைக்கு மாற்றாகவே அவர் புதிய அமைப்பைக் கண்டார். விசைத்தறியின் தண்டு வளைந்திருந்தாலும், டிரெய்லரின் அச்சு வளைந்திருந்தாலும், முதலில் பலியாவது பேரிங்கே என்பதை இரு திறத்தாரும் உணரலாம்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் தோன்றிய நாள்முதல், இயந்திரச் சாமான்களும் லேத் பட்டறைகளும் இப்பகுதியில் பெருகியுள்ளன. டிரெய்லர் தயாரித்தவரிடமே அச்சு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; வெளிச்சந்தையில் கிடைக்கும் மாற்று அச்சும் அளவும் தரமும் பொருந்துமாயின் நன்றாகவே உழைக்கும். “பார்த்தால் அதேபோல்தான் இருக்கிறது” என்பது மட்டும் அளவாகாது.

அளக்க வேண்டியவை ஐந்து. முதலாவது, ஒரு சக்கரத்தின் நடுவிலிருந்து மறு சக்கரத்தின் நடுவரை உள்ள தூரம். இரண்டாவது, அச்சின் கனம். மூன்றாவது, உட்பேரிங், வெளிப்பேரிங் ஆகிய இரண்டும் அமரும் இடங்களின் விட்டம். இதை வெர்னியர் கொண்டே அளக்க வேண்டும். நான்காவது, கமான் பட்டைகள் அமரும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம். ஐந்தாவது, சக்கரத்தின் போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும்.

பேரிங்கில் பொறித்த எண்ணைப் படிக்கக் கற்பது எளிது. மில்லிமீட்டர் வரிசையில், எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 04-ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால், அவற்றை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும். 30207 என்றால் 35 மில்லிமீட்டர். 30210 என்றால் 50 மில்லிமீட்டர். அங்குல அளவுப் பேரிங்குகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. கூம்புப் பேரிங்கின் வெளிவளையமும் உள்வளையமும் ஒரே ஜோடியாக வாங்கப்பட வேண்டும். பழைய வெளிவளையத்தில் புதிய உருளைகளை ஓட்டுதல் கூடாது.

போலிப் பேரிங்குகளும் சந்தையில் உலவுகின்றன. பெட்டியின் அழகு தரத்திற்குச் சாட்சியாகாது. தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், பேரிங் எண் குறித்த ஜி.எஸ்.டி. ரசீதுடன் வாங்குவதே பாதுகாப்பு.

பூட்டும் முறை

டிரெய்லரைக் காலியாக்கிச் சமதரையில் நிறுத்தி, டிராக்டருடன் பிணைத்தபடியே வைத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கல் கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிய பின், சட்டத்தின் அடியில் உறுதியான தாங்கிகளை வைக்காமல் எவரும் அடியில் செல்லலாகாது. ஜாக்கி தூக்குவதற்கேயன்றித் தாங்குவதற்கு அன்று.

பழைய அச்சைக் கழற்றிப் புதியதைக் கமான் பட்டைகளின்மேல் பொருத்தி, யூ போல்ட்டுகளை முதலில் இலேசாக மட்டும் முடுக்குக. பின்பு டிராக்டர் கொக்கியில் மாட்டும் வளையத்திலிருந்து அச்சின் இரு நுனிகளுக்கும் நாடா பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் சமமாயிருத்தல் அவசியம். வேறுபட்டால் டிரெய்லர் கோணலாக இழுபடும். டயர் ஒருபுறம் தேயும். சமமான பிறகே போல்ட்டுகளை மாற்றி மாற்றி முழுதும் முடுக்க வேண்டும்.

குடத்திலுள்ள பழைய வெளிவளையங்களை எரிவாயு கொண்டு வெட்டாமல், பித்தளைத் துண்டால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுக்க வேண்டும். குடத்தை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துக. புதிய வளையத்தையும் சாயாமல் அடிவரை இறக்குதல் வேண்டும். பேரிங்கை உள்ளங்கையில் வைத்து உருளைகளின் இடைவெளி எங்கும் கிரீஸ் புகுமாறு அழுத்தி நிரப்பவேண்டும். ஆனால் குடத்தின் உட்குழிவு முழுவதையும் நிரப்பினால் கிரீஸ் சூடேறி, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். ஆயில் சீல் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்; அதன் உதடு குடத்தின் உட்புறம் நோக்கட்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது நட்டை முடுக்குவது. சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே நட்டை முடுக்கினால், ஒரு கட்டத்தில் சுழற்சி கனக்கும். அதுவரை முடுக்கி, பிறகு ஏறத்தாழ கால் சுற்றுப் பின்வாங்க வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுழலவும் வேண்டும். கண்ணுக்குத் தெரியுமாறு ஆடவும் கூடாது. துல்லியமான அளவைத் தயாரிப்பாளரின் குறிப்பில் காண்க. இறுதியில் புதிய ஸ்பிளிட் பின். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும், அதனிடத்தில் ஆணியைச் செருகுவதும் சாலையில் சக்கரத்தைக் காவு கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சில கிலோமீட்டர் ஓட்டிய பின் குடத்தின் அருகே கை வைத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இருப்பது இயல்பு. அனல் வீசினால் நட்டு இறுகியிருக்கிறது, அல்லது வேறு கோளாறு உண்டு. முதல் வாரத்தில் யூ போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மீண்டும் முடுக்குதல் வேண்டும். ஓடிவந்த சூட்டோடு டிரெய்லரை வாய்க்காலில் இறக்கிக் கழுவும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். சூடான குடம் குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டுத் துருப்பிடிக்கும்.

சங்கம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு பழுதுப் பதிவேடு தனியே இருக்கட்டும். எந்தச் சக்கரம், எந்தத் தேதி, எந்தப் பேரிங் எண், எவர் பூட்டினார் என்ற நான்கும் அதில் ஏறினால், நான்கு முறை ஒரே பேரிங் வாங்கும் நிலை இரண்டாம் முறையிலேயே வெளிப்பட்டுவிடும். கழற்றிய பழைய பேரிங்கை எறியாமல் அடுத்த குழுக் கூட்டத்தில் மேஜைமேல் வைத்துக் காட்டலாம். நீலம் பாய்ந்த உருளை சூட்டையும், துருப்பிடித்த வளையம் தண்ணீரையும், ஒருபுறம் மட்டும் தேய்ந்த வளையம் அச்சின் கோணலையும் பெரும்பாலும் சுட்டிக்காட்டும்.

கனமான அச்சு பூட்டியதால் பாரத்தைக் கூட்டலாம் என்று எண்ணுதல் தவறு. பதிவுச் சான்றில் குறித்த எடையே வரம்பு. சட்டம், கொக்கி, டயர் ஆகியவை அச்சோடு சேர்ந்து வளர்ந்துவிடவில்லை.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில், 1904-ஆம் ஆண்டிலேயே கிராமக் கடன் சங்கம் கண்ட பெருமை நமக்கு உண்டு. தனியாள் ஒருவரால் வாங்க இயலாததைப் பலர் கூடி வாங்குவது கூட்டுறவின் முதற்படி. கூடி வாங்கியதைத் தன் சொந்த மாட்டைப்போல் பேணுவது அடுத்த படி. அறுவடை தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி, சங்கத்து டிரெய்லரின் சக்கரங்களைத் தூக்கிக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோடு நில்லாமல் அச்சையும் அளந்து பாருங்கள்.