முழங்காலைக் காக்கும் திருகாணி

குழித்தறியில் அமர்ந்து மிதிகளை மாறி மாறி அழுத்தும் நெசவாளரும், குந்தியிருந்து களையெடுக்கும் விவசாயியும் தமது ஜீவனத்துக்கு முழங்கால் மூட்டையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். அம்மூட்டின் அடித்தளமாகிய எலும்பு முறியுமாயின் என்ன செய்யத் தக்கது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

முழங்காலுக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள பெரிய எலும்பு கணைக்கால் எலும்பு எனப்படும். அதன் மேல்முனை அகன்று மேடை போல் அமைந்துள்ளது. தொடையெலும்பின் உருண்ட முனைகள் அம்மேடையின் மீது தங்கி உருள்கின்றன. மேற்பரப்பில் வழவழப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கிறது. உள்ளே கடற்பஞ்சு போன்ற மென்மையான எலும்பு இருக்கிறது. உயரமான இடத்திலிருந்து விழும்போதும், மோட்டார் வண்டி முழங்காலின் பக்கவாட்டில் மோதும்போதும், தொடையெலும்பு சம்மட்டி போல் இம்மேடையைத் தாக்குகிறது. மேடை பிளக்கலாம், அழுந்திப் பள்ளமாகலாம், இரண்டும் ஒருங்கே நேரலாம். எலும்பு வலுக்குன்றிய முதியோர்க்கு இடறி விழுதலே போதுமானது.

முறிந்த துண்டுகள் இடம் பெயராதிருப்பின் ரண சிகிச்சையின்றியே குணம் காணலாம். பெயர்ந்திருப்பின் இரண்டு தீங்குகள் எதிர்நிற்கின்றன. பரப்பு மேடுபள்ளமாகக் கூடினால் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் உண்டாகும். கூடட்டும் என்று நெடுநாள் மாவுக்கட்டில் அசையாது வைத்தாலோ, மூட்டு விறைத்து மடங்க மறுக்கும். பரப்பும் சீராக வேண்டும்; மூட்டும் விரைவில் அசைய வேண்டும். இவ்விரண்டுக்கும் வழி செய்வதே திருகாணி முறை.

முறிந்த எலும்பை உலோகங்கொண்டு இணைக்கும் கலையை வளர்த்த முன்னோடிகளுள் பெல்ஜிய நாட்டு ரண வைத்தியர் அல்பான் லம்போட் ஒருவர்; அவரது நூல் 1907-இல் வெளிவந்தது. 1958-இல் ஸ்விட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் முதலிய வைத்தியர்கள் ஒரு குழுவாகக் கூடி, எலும்பைச் சரியாகப் பொருத்துதல், உறுதியாக நிறுத்துதல், இரத்த ஓட்டத்தைப் பேணுதல், மூட்டை விரைவில் அசைத்தல் என்னும் நான்கு கொள்கைகளை வகுத்தனர். கனடா நாட்டு வைத்தியர் ஜோசப் ஷாட்ஸ்கரும் அவருடன் உழைத்தோரும் 1979-இல் இம்மேடை முறிவுகளை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினர்.

திருகாணி வேலை செய்யும் விதம் தச்சர் அறிந்ததே. பிளந்த இரு பலகைகளுள் முதற்பலகையில் ஆணி தளர்வாகச் செல்ல, அதன் மரை இரண்டாம் பலகையை மட்டுமே பற்றும். முறுக்க முறுக்க ஆணியின் தலை முதற்பலகையை இழுத்து நெருக்கிவிடும். அவ்வாறே வைத்தியர் எக்ஸ்-ரே திரையைப் பார்த்துத் துண்டுகளை இடுக்கியால் நெருக்கி, மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, அதன் வழியே நடுத்துளையுள்ள திருகாணிகளைச் சிறு கீறல்கள் மூலம் முடுக்குகிறார். வெறும் பிளவாயின், எலும்பும் திடமாயின், இரண்டு மூன்று திருகாணிகளே பெரும்பாலும் போதும். பள்ளம் விழுந்திருந்தால் அதை உயர்த்தி, அடியில் வேறு எலும்பு இட்டு நிரப்ப வேண்டும். எலும்பு நொறுங்கியோ நலிந்தோ இருந்தால் தகடும் தேவைப்படும்.

சிகிச்சைக்குப் பின் வைத்தியர் சொற்படி சில நாட்களிலேயே முழங்காலை மடக்கி நீட்டப் பழக வேண்டும். ஆனால் பாரம் ஏற்றலாகாது. ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் வரை ஊன்றுகோல் துணை வேண்டும். தறியின் மிதியை அழுத்துவதும் பாரம் ஏற்றுவதே என்பதை நெசவாளர் மறத்தலாகாது. புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

இன்னொரு எச்சரிக்கை. அடிபட்ட காலை இறுக்கிக் கட்டுதல் பேராபத்து. உள்வீக்கத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலையே இழக்க நேரலாம். கெண்டைச்சதை கல் போல் இறுகி, வலி வரவர மிகுந்து, விரல்கள் மரத்துப்போனால் ஒரு நாழிகையும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. சிகிச்சைக்குப் பின்னரும் இவ்வறிகுறிகள் தோன்றலாம்.

திருகாணி எலும்பைப் பிடித்து நிறுத்துமேயன்றிக் கூட்டுவிப்பதில்லை. அது உடலின் வேலை, அதற்குக் காலம் வேண்டும். கூலி போகிறதே என்ற கவலையால் முன்கூட்டியே காலை ஊன்றி, பொருத்திய மேடையை மீண்டும் சரியவிடுவோர் உண்டு. அவ்வாரங்களில் அக்குடும்பத்தின் தறியையும் வயலையும் சக அங்கத்தினர்கள் கவனித்துக் கொள்வார்களாயின், அதுவும் அச்சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.