பறந்த காலம் – 9: இரவு வேலைக்குப் போகும் ஜெட்டுகள்

பயணிகளெல்லாம் திரிசூலத்தில் எழுந்த புதிய முனையங்களுக்குப் போய்விட்ட பிறகு, மீனம்பாக்கத்துப் பழைய முனையம் சரக்குக்கு வந்துசேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பழைய இடத்தைத் தளமாக்கிக்கொண்டது கூரியர் நிறுவனமான புளூ டார்ட். அதன் விமானங்களில் பலவும் ஒரு காலத்தில் ஆட்களைச் சுமந்தவைதான்.

ஒரு ஜெட்டின் வயதைக் கேட்டால் பொறியாளர் ஆண்டுக் கணக்கோடு நிறுத்தமாட்டார். எத்தனை சைக்கிள் என்பார். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். மேலே போகையில் வெளியைவிட உள்ளே காற்றழுத்தம் கூடுதலாகி உடல் லேசாக உப்பும், இறங்கினால் சுருங்கும். கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தினால் ஒடிவது மாதிரி, ரிவெட் ஓட்டைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் கிளம்பும். சென்னையிலிருந்து லண்டன் போகிற விமானத்துக்கு அத்தனை மணி நேரமும் ஒரே சைக்கிள்தான். பெங்களூருக்குப் போய்வருவது அதே நேரத்தில் ஐந்தாறைத் தின்றுவிடும்.

கூடவே உப்புக் காற்று. கதவுக் கீலும் ஜன்னல் கம்பியும் எத்தனை நாள் தாங்கும் என்று மாமல்லபுரத்தில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். ஹவாயில் தீவுக்குத் தீவு தாவிக்கொண்டிருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-200-க்கு 19 வயதுதான். ஆனால் 89,680 சைக்கிள். 1988 ஏப்ரல் 28 அன்று நடுவானில் அதன் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்ற அனைவரோடும் மாவி தீவில் இறக்கினார்கள் விமானிகள். பழைய விமானங்களுக்கான சோதனைகள் உலகெங்கும் கடுமையானது இதற்குப் பிறகுதான்.

புளூ டார்ட் 1996-ல் பறக்கத் தொடங்கியது இதே 737-200 ரகம் இரண்டை வைத்துத்தான். பிறகு 757-கள் வந்தன. 2004-லேயே போயிங் 757 தயாரிப்பை நிறுத்திவிட்டது. சரக்குக்காரர்கள் அதை விடுவதாயில்லை. பழைய எஞ்சின் எரிபொருளைக் குடிக்கும் என்பது உண்மை. பகலெல்லாம் ஓயாமல் பறக்கிற பயணி விமானத்துக்கு அது கட்டுப்படியாகாது. ராத்திரியில் சில நடை மட்டும் போகும் கூரியர் விமானத்துக்கு, மலிவாக வாங்கியதே லாபம். இருக்கை, கழிவறை எல்லாவற்றையும் கழற்றுவார்கள். ஜன்னல்களை அடைத்து, தளத்தை வலுவாக்கி, முன்பக்கம் இடப்புறத்தில் உடலையே அறுத்துப் பெரிய கதவு வைப்பார்கள். வேகம் சட்டென்று குறைந்தால் மூட்டைகள் விமானிகள்மேல் பாயாதிருக்க இடையில் கனத்த தடுப்பு.

எல்லா விமானத்துக்கும் இந்த மரியாதை கடைசிவரை கிடைப்பதில்லை. 1982-ல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்த 737-200 ஒன்று, அலையன்ஸ் ஏரில் ஓடி, பிறகு சரக்கு விமானமாகி அஞ்சல் துறைக்குத் தபால் சுமந்தது. 2012-ல் கொல்கத்தாவில் ஓய்வு. அதோடு, இந்தியன் ஏர்லைன்ஸைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்த ஏர் இந்தியா அதை மறந்தேபோனது! இடத்தைக் காலி செய்யச் சொல்லி விமான நிலையம் கேட்டபோதுதான் நினைவு வந்தது. 2025 நவம்பரில் சாலை வழியே பெங்களூருக்குப் போனது, பொறியாளர்களின் பயிற்சிக்காக. 13 ஆண்டுகள் நிறுத்திவைத்த கட்டணம் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் என்றன செய்திகள்.

(தொடரும்)