ஜாமீன் கையெழுத்தும் போலீஸ் வெரிஃபிகேஷனும்

கொல்லிமலைப் பையன் ஒருவன் காவலர் தேர்விலோ மத்தியப் படைத் தேர்விலோ தேறிவிட்டால் ஊரே கொண்டாடும். ஆனால் கடைசிப் பரீட்சை வாழவந்திநாடு காவல் நிலையத்தில் நடக்கிறது. வழக்கு உண்டா, கைதானது உண்டா என்று அங்கே விசாரிப்பார்கள். இதே கேள்விகளுக்குப் பையன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த பதில் ஏற்கெனவே கோப்பில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகாவிட்டால்? அவதார் சிங் வழக்கில் 2016 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதற்கு விடை சொன்னார்கள். படிவத்தில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது. சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பக் குற்றத்தை மறைத்திருந்தால் மன்னித்துவிடலாம். பெரிய வழக்கை மறைத்திருந்தால் வேலையை ரத்து செய்யலாம். உண்மையைச் சொன்னவருக்கும் வேலை உறுதியில்லை, பின்னணியை எடைபோடும் உரிமை அரசுக்கு உண்டு.

2011-ல் டெல்லி போலீஸ் வழக்கு ஒன்றில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இளம் வயதுத் தவறைப் பொறுக்கலாம் என்று சொல்ல, ரொட்டி திருடிய நாவல் நாயகன் ழான் வல்ழானைத் துணைக்கு அழைத்தார். நமக்கு அந்தக் கதை 1950-ல் வந்த ‘ஏழை படும் பாடு’ படம். அதில் நாயகனை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டராக நடித்தவருக்கு ‘ஜாவர்’ சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கடன் கதை வேறு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 17-வது விதி, ஓயாத கடனாளியாக இருக்கக் கூடாது என்கிறது. கடனை வசூலிக்க யாராவது வழக்குப் போட்டால் ஊழியரே உடனே முழு விவரத்தையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்பாராத சூழலால் வந்த கடன் என்று நிரூபிப்பதும் அவர் பொறுப்பே. கடன் வாங்குவதை விதி தடுக்கவில்லை. அதில் மூழ்கிப்போனவரை யாரும் விலைக்கு வாங்கிவிடலாம் என்பதுதான் பயம். அமெரிக்க உளவுத்துறையில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-ல் கடன் நெருக்கடியில்தான் சோவியத் ஒன்றியத்துக்கு ரகசியம் விற்கத் தொடங்கினார். அவரைப் பிடிக்க 1994 ஆகிவிட்டது.

வங்கிகள் இன்னும் கறார். ஸ்டேட் வங்கியின் அதிகாரி பணிக்கு 2020-ல் வந்த அறிவிப்பிலேயே, கடன் தவணை தவறியவருக்குத் தகுதியில்லை என்ற நிபந்தனை இருந்தது. தேர்வாகிப் பணி உத்தரவும் பெற்ற ஒருவரின் நியமனம், அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பார்த்தபின் 2021-ல் ரத்தானது. கடனையெல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுப்பணத்தைக் கையாள்பவருக்குப் பண ஒழுக்கம் வேண்டும் என்றது. சட்டப்படி சரிதான். ஆனால் அடைத்த கடனையும் அடைக்காத கடனையும் ஒரே தராசில் வைப்பது கொஞ்சம் உறுத்துகிறது.

ஏனென்றால் மலையில் கடன் பெரும்பாலும் வெள்ளாமையோடு வருவது. மிளகோ மரவள்ளியோ விலை சரிந்தால் தவணையும் தள்ளிப்போகும். வங்கிக் கடனுக்கு மாமனுக்காகவோ பக்கத்து வீட்டுக்காரருக்காகவோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கட்டத் தவறும்போது கையெழுத்துப் போட்டவரின் சிபில் கணக்கிலும் கறை படியும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்து புகார் செய்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.