செடி முருங்கையில் நுனி கிள்ளுவது ஏன்? எப்போது?

ஆடிப்பட்டத்தில் செடி முருங்கை விதைத்த விவசாயிகளுக்குப் புரட்டாசி மாதம் ஒரு சோதனைக் காலம். நட்ட விதை முளைத்து, மளமளவென்று உயர்ந்து, தொடை உயரத்திற்குக் குருத்து விட்டு நிற்கும். பார்க்கவே மனம் குளிரும். அந்த நேரம் பார்த்து எங்களைப் போன்றவர்கள் வந்து, "நுனியைக் கிள்ளி எறியுங்கள்" என்போம். யாருக்குத்தான் கை வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அறுபது சென்ட் நிலத்தில் முருங்கை போட்டிருந்த ஓர் அம்மாளிடம் இதையே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வளர்ற பிள்ளையோட தலையைக் கிள்ளச் சொல்றீங்களே சார், இது நல்லா இருக்கா?" என்று கேட்டார். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மனம் வரவில்லை. கடைசியில், வரப்போரம் இருந்த இரண்டு வரிசையில் மட்டும் கிள்ளச் சம்மதித்தார். அந்த இரண்டு வரிசை அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

நுனிக்குருத்தின் அதிகாரம்

ஆடு கடித்த செடி புதர் போலக் கிளைப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. செடியின் ஒவ்வோர் இலைக் காம்பின் அடியிலும் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூங்க வைப்பது உச்சியில் இருக்கும் நுனிக்குருத்தே. நுனிக்குருத்து 'ஆக்சின்' என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து தண்டு வழியாகக் கீழே அனுப்புகிறது. அது இறங்கிவரும் வரை பக்க மொட்டுகள் எழுவதில்லை.

1933-ஆம் ஆண்டில் திமன், ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் அவரை இனச் செடி ஒன்றில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நுனியை வெட்டியதும் பக்க மொட்டுகள் வளர்ந்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தபோது மொட்டுகள் மறுபடி அடங்கிவிட்டன. 2014-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் பட்டாணிச் செடியில் இன்னொன்றையும் கண்டார்கள். நுனிக்குருத்து செடியின் சர்க்கரைச் சத்தைத் தன் பக்கமே இழுத்துக்கொள்கிறது. அதை நீக்கியதும் அந்தச் சத்து சில மணி நேரத்திலேயே பக்க மொட்டுகளுக்குப் பாய்ந்து அவற்றை எழுப்பிவிடுகிறது.

வாய்க்காலின் தலைமடைக்காரர் தண்ணீரை எல்லாம் தன் வயலுக்கே திருப்பிக்கொண்டால் கடைமடை காய்வதைப் போன்றது இது. தலைமடையைக் கொஞ்சம் அடைத்தால் கடைமடைக்கும் தண்ணீர் வந்து சேரும். முருங்கையில் பூவும் காயும் வருவது கிளைகளில்தான். ஆகவே கிளை பெருகினால் காயும் பெருகும்.

எந்த உயரத்தில் கிள்ள வேண்டும்?

செடி முருங்கை என்றதும் நினைவுக்கு வருவது பி.கே.எம்.1 ரகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளியிடப்பட்ட இந்த ரகம் விதை மூலம் பயிராகிறது. இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 640 செடிகள் வரும்.

இந்தச் செடி 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனிக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். சாதாரணமாக விதைத்த இரண்டு மாதத்தில் இந்த உயரம் வரும். ஆனால் நாள்காட்டியை நம்பாமல் செடியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் மானாவாரியாக முருங்கை போட்ட ஒருவருக்கு, "அறுபதாம் நாள் கிள்ளிவிடுங்கள்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆண்டு மழை பொய்த்து, அறுபதாம் நாளில் செடி ஒன்றேகால் அடிதான் இருந்தது. அவரோ சொன்ன சொல் தவறாமல் கிள்ளிவிட்டார். வாடி நின்ற செடி கிளைக்கச் சக்தியில்லாமல் அப்படியே குன்றிப்போயிற்று. தவறு என்னுடையது, நட்டம் அவருடையது. அன்று முதல் நாளைச் சொல்லாமல் உயரத்தைச் சொல்கிறேன்.

அதேபோல் ஐந்து, ஆறு அடி உயர்ந்த பிறகு கிள்ளுவதிலும் முழுப் பயன் இல்லை. தண்டு முற்றிய பின் உச்சியில் உள்ள சில மொட்டுகளே எழும். கீழே கிளை இராது. மரம் கம்பம் போல நின்று உச்சியில் மட்டும் குடை விரிக்கும்.

கிள்ளும் முறை

1. இரண்டரை அடி நீளத்திற்கு ஒரு குச்சியை அளந்து வெட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் உயரத்தைத் தொட்ட செடிகளை மட்டும் கிள்ளுங்கள். எல்லாச் செடியும் ஒன்றுபோல் வளராது. எனவே வாரம் ஒரு முறையாக மூன்று தடவை தோட்டத்தைச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

2. கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் உச்சிக் குருத்தை மட்டும் நறுக்கென்று கிள்ள வேண்டும். இழுத்து ஒடித்தால் பட்டை உரிந்து காயம் பெரிதாகும். கீழே உள்ள இலைகளை உருவக் கூடாது. புதிய கிளைக்கு உணவு தயாரிப்பவை அவையே.

3. மண்ணில் ஈரம் இருக்கும்போது, மழையில்லாத நாளில் காலை வேளையில் கிள்ளுவது நல்லது. வாடிய செடியையும் நோயுற்ற செடியையும் தேறும் வரை விட்டுவிட வேண்டும்.

4. புழு தின்றோ ஆடு கடித்தோ நுனி போன செடியை மறுபடி கிள்ள வேண்டாம். அது ஏற்கெனவே கிள்ளப்பட்டதுதான்.

5. கிளைகள் எழுந்த பின், தரையிலிருந்து ஓர் அடிக்குக் கீழே வருபவற்றையும், ஒன்றோடொன்று உரசி உள்நோக்கி வளர்பவற்றையும் நீக்கிவிடுங்கள். நாலா பக்கமும் பரவும் வலுவான கிளைகள் இருந்தால் போதும்.

கிள்ளிய குருத்தை வீசி எறிய வேண்டாம். மருந்து தெளிக்காத தோட்டமாக இருந்தால் அன்றைக்குக் கீரைப் பொரியலுக்கு ஆயிற்று.

கிளைத்த செடிக்குச் சோறு போட வேண்டும்

கிளைகளை வரவழைத்துவிட்டு உரம் வைக்காமல் இருப்பது, விருந்தாளிகளை அழைத்துவிட்டு உலை வைக்காமல் இருப்பது போன்றது. விதைத்த மூன்றாம் மாதத்தில் ஒவ்வொரு செடிக்கும் 100 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட், 50 கிராம் பொட்டாஷ் இட்டு மண் அணைத்து நீர் பாய்ச்ச வேண்டும். ஆறாம் மாதத்தில், காய்க்கும் தருணத்தில் செடிக்கு மேலும் 100 கிராம் யூரியா இட வேண்டும். தண்டை ஒட்டி உரம் வைக்காமல், சற்றுத் தள்ளி வட்டமாக இடவும்.

ஓராண்டுக் காய்ப்பு முடிந்ததும் மரத்தைத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர், அதாவது மூன்று அடி உயரம் விட்டு வெட்டிவிட வேண்டும். இதுவும் நுனி கிள்ளும் தத்துவமே. வெட்டிய அடிமரம் புதிதாகக் கிளைத்து நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இப்படி மூன்று ஆண்டுகள் வரை மறுதாம்பு எடுக்கலாம். முருங்கைக் கட்டை மிருதுவானது. தண்ணீர் தேங்கினால் அழுகல் இறங்கும். எனவே கூரிய அரிவாளால் சரிவாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவிவிடுங்கள். வெட்டிய பின் உரத்துடன் தொழு உரமும் இடுதல் அவசியம்.

இலாபம் என்ன, குறை என்ன?

நுனி கிள்ளுவதற்குக் காசு செலவில்லை. ஓர் ஏக்கரை ஒருவர் அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். கிளை பெருகுவது முதல் இலாபம். மரம் குட்டையாக இருப்பதால் காற்றில் ஒடிவது குறைவது இரண்டாவது. கைக்கெட்டும் உயரத்தில் காய் பறிப்பது மூன்றாவது. தொரட்டி போட்டு இழுத்த காய் ஒடிந்து, தோல் கீறி, மண்டியில் விலை குறைவதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கிள்ளிய செடி கிளைப்பதற்கு நாள் எடுத்துக்கொள்வதால் முதல் பூ சற்றுத் தாமதமாகலாம். கிள்ளாத அடுத்த தோட்டத்தில் பூத்துவிட்டதே என்று மனம் கலங்க வேண்டாம்.

எல்லாப் பயிருக்கும் ஒரே அளவல்ல

பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றை முருங்கை போல இளமையில் கிள்ளக் கூடாது. கொடி பந்தலை எட்டும் வரை பக்கக் கிளைகளை நீக்கி ஒற்றைத் தண்டாக ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் மேலே நாலா பக்கமும் படரும். பருத்தி ரகங்களில் பதினைந்தாம் கணுவுக்கு மேலும், வீரிய ஒட்டுப் பருத்தியில் இருபதாம் கணுவுக்கு மேலும் நுனி கிள்ளுவது வழக்கம். தென்னை, பனை போன்ற ஒரே குருத்து உள்ள மரங்களில் குருத்துப் போனால் மரமே போய்விடும். எனவே கேள்விப்பட்டதை எல்லாப் பயிரிலும் செய்து பார்க்க வேண்டாம்.

இனி அந்த ஒட்டன்சத்திரம் அம்மாளிடம் வருவோம். மறு ஆண்டு ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தபின் அவர் தோட்டத்திற்குப் போனேன். கிள்ளாத மரங்கள் கூரைக்கு மேல் உயர்ந்து, காய்ச்சுமையோடு ஒடிந்த கிளைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வரப்போர வரிசை இரண்டும் குட்டையாகப் பரந்து நின்றன. அந்த மரங்களில் அவர் நின்றபடியே கையால் காய் பறித்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் கிள்ளியிருக்கணும் சார். போன வருசத்துக் காசு போனது போனதுதான்" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே விவசாயப் பெருமக்களுக்கு நான் கூறுவது இதுதான். என் சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம். தோட்டம் முழுவதும் கிள்ளி, நடுவில் ஒரே ஒரு வரிசையை மட்டும் கிள்ளாமல் விடுங்கள். இரண்டிலும் பறிக்கும் காய்களை ஒவ்வொரு பறிப்பிலும் எண்ணி ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த ஆடியில் விதைக்கப்போகும் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அந்த நோட்டைக் காட்டுங்கள். இந்தக் கட்டுரையைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும்.